சத்திரத்தில் எல்லோரும் மொட்டை

1

இது நானாக எழுத நினைத்த கதை அல்ல, கேட்டு வாங்கியது. எங்கள் பக்கத்தில் சிறப்புக் குழந்தைகளுக்காக நடக்கும் ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத் திருத்தணியில் இப்படிப்பட்ட சின்னப் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை வேண்டுமாம். நான் வாயைத் திறந்தால் பாதி பொய், ஊருக்கே தெரியும் என்றேன். மீதிப் பாதி போதும் என்றார் வந்தவர்களில் இளையவர். அந்தப் பதிலுக்காகவே ஒத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். "கடைசியில குழந்தை பேசிடணும் ஐயா. பெத்தவங்க படிப்பாங்க."

தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது கையெழுத்துப் போட்டதாகாது.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம், திருத்தணி மலையடிவாரத்தில் மழை கொட்டிக்கொண்டு'

கொட்டவில்லை. ஆடியில் எங்கள் ஊரில் காற்றுதான். மழையோடு ஆரம்பித்தால் மரியாதையாக இருக்கும் என்று கை தானாக எழுதிவிட்டது.

இரண்டாவது தொடக்கம்: 'அவளுக்கு நான்கு வயது. ஆனால் அந்தக் கண்களில்'

இதையும் அடித்தேன். அவள் கண்களை யாரும் நேராகப் பார்த்ததில்லை, அவள் காட்டமாட்டாள். பார்க்காத ஒன்றை வர்ணிக்கக் கூச்சமாக இருக்கிறது. (என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

மூன்றாவது, பஸ். இதில் எனக்கு உரிமை உண்டு. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. நான் பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் ஓடிய கரி பஸ்ஸில் கண்டக்டர். வண்டியின் முதுகில் பீப்பாய்போல ஓர் அடுப்பு இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றோ சுற்றென்று சுற்றி, புகை பிடித்த பிறகுதான் வண்டிக்கு நகர மனசு வரும். பள்ளிப்பட்டில் முகம் மழித்துக்கொண்டு ஏறியவர் திருத்தணியில் இறங்கியதும் மறுபடி நாவிதரைத் தேடுவார்.*

* இதில் மிகை இல்லை. ஒருவர் தாடியோடு இறங்கினார். அழைத்துப்போக வந்திருந்த சம்பந்தி, ஆள் வரவில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

சரி, மூன்றாவது தொடக்கத்தையே வைத்துக்கொள்வோம்.

3

அந்த பஸ் வாரத்தில் பாதி நாள் ஓடியது, மீதிப் பாதி அதாவுல்லா பாயின் கொட்டகையில் நின்றது. அவர்தான் மெக்கானிக். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி மஹ்மூதா, ஒரே மகள் சபீரா.

சபீராவுக்குப் பேச்சில்லை. காது நன்றாகக் கேட்கும். விசிறிச் சக்கரத்தைச் சுற்றினால் எங்கிருந்தாலும் ஓடிவந்து, அதன் பக்கத்தில் நின்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தூக்கினால் விறைத்துக்கொண்டு கத்துவாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுவாள். ஒரு டப்பா மூடி கிடைத்துவிட்டால் அதைச் சுழற்றிக்கொண்டே சாப்பாட்டையும் மறந்துவிடுவாள்.

இன்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம், மலர்க் குழுவினர் சொன்னார்கள். அன்று ஊர் வைத்த பெயர்களும் எனக்கு நினைவிருக்கின்றன, எழுதமாட்டேன்.

கொட்டகைக்கு முன்னால் சாலை. சபீராவுக்குச் சுழலும் மூடி என்றால் ஆசை, ஓடும் சக்கரம் என்றால் உயிர். ஒருமுறை மாட்டுவண்டிக்கு அடியில் போய்விட்டாள். காளை நல்ல காளை, நின்றுவிட்டது. அன்றிலிருந்து மஹ்மூதா அடுப்படியில் இருக்கும் நேரமெல்லாம் பழைய சேலைத் துணியால் பிள்ளையின் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டிவைத்தாள். இறுக்கிக் கட்டமாட்டாள். தோல் உரியாமலிருக்க முடிச்சுக்கு அடியில் பஞ்சு வைப்பாள். அப்படியும் காலில் ஒரு வளையம் விழுந்திருந்தது.

(இங்கே தாயின் மனம் பற்றி நான்கு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். பஞ்சு இருக்கிறது, போதும்.)

4

சாலைக்கு எதிர்ப்புறம் காவடி எடுத்து வருகிறவர்கள் தங்கும் சத்திரம். திருவிழா இல்லாத நாட்களில் அதன் கூடத்தில் தாயம்மாள் டீச்சர் ஒரு பிள்ளைப் பள்ளி நடத்திவந்தார். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற வயது வராத பிள்ளைகள். தறி நெய்கிறவர், பூக்கட்டுகிறவர், மலையில் தேங்காய் விற்கிறவர் வீட்டுக் குழந்தைகள். டீச்சர் சென்னைக்குப் போய் இதற்கென்றே பயிற்சி எடுத்து வந்தவர். அப்படி ஒரு பயிற்சி உண்டு என்பதையே ஊர் நம்பவில்லை. நானே கேட்டேன், மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன பாடம், மூக்குச் சிந்துவதற்கா என்று.

"ஆங், அதான் முதல் பாடம். உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா கண்டக்டர்?" என்றார்.

மறுநாள் நான் ஒரு கைக்குட்டை வாங்கினேன்.

ஒரு நாள் கதவுக் கீல் ஒன்றைச் சரிசெய்யக் கொட்டகைக்கு வந்தவர், கட்டில் காலையும் அதில் கட்டியிருந்த துணியையும் பார்த்தார். கீலை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து பிள்ளையை அனுப்பச் சொன்னார்.

அதாவுல்லா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ யார்கிட்டயும் நிக்கமாட்டா டீச்சரம்மா. கடிப்பா. உங்க பேரு கெட்டுப்பூடும்."

"நிக்க வாணாம் பாய், ஓடட்டும். சத்திரத்துக்கு நாலு பக்கமும் சுவரு இருக்குது. உள்ள சக்கரம் ஒண்ணும் வராது."

5

டீச்சர் என்ன செய்தார் என்பதை விரிவாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சிரமம் என்னவென்றால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அவர் ஒன்றுமே செய்யாததுபோலத்தான் தெரியும்.

முதலில் மணியை நிறுத்தினார். விளையாட்டு முடிந்து பாட்டு, பாட்டு முடிந்து கஞ்சி என்று மாறும்போது வெண்கல மணி அடிப்பது வழக்கம். அதற்குப் பதில் ஒரு சிவப்புத் துணியை உயர்த்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார். பிள்ளைகள் துணியைப் பார்த்து எழுந்தார்கள். வாசற்படிக்கு உள்ளே ஒரு கோணியை மடித்துப் போட்டார், அது சபீராவின் இடம். அங்கிருந்து அவளை யாரும் இழுக்கக் கூடாது. பக்கத்தில் பல அளவில் டப்பாக்களும் மூடிகளும். மூடியைச் சுழற்ற வேண்டுமா, சுழற்றலாம். சில நாள் கழித்து, சுழன்று ஓய்ந்த ஒரு மூடியை எடுத்து அதற்குரிய டப்பாவில் அவளாகவே வைத்து அழுத்தினாள். பிறகு எல்லாவற்றையும் அப்படி மூடினாள். மூடியதும் எல்லாவற்றையும் திறந்தாள். டீச்சர் கைதட்டவில்லை, அவளுக்குச் சத்தம் ஆகாது. உள்ளே போய்ச் சமையல்காரம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வந்தார்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம். சபீராவுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் அதைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அந்த வயதில் சட்டம் என்றால் உயிர். வீட்டிலும் கடைப்பிடித்தார்கள். தண்ணீர் கேட்டால் மகன் செம்பை நடுக்கூடத்தில் வைத்துவிட்டுச் சுவரோரமாய்ப் போய் நிற்கிறான், பள்ளியில் என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று ஒரு நெசவாளர் சண்டைக்கே வந்துவிட்டார்.

அப்புறம் சடை.

டீச்சரின் சடை முழங்கால் வரை என்று எழுதினேன். இடுப்பு வரை என்று திருத்தினேன். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது. நுனியில் கறுப்புக் குஞ்சலம். ஒரு நாள் சிவப்புத் துணியோடு அவர் சுற்றி வரும்போது, சபீரா கோணியிலிருந்து எழுந்து, பின்னாலிருந்து அந்தக் குஞ்சலத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நடந்தாள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தை மாற்றவில்லை. அவள் விடும்வரை கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிள்ளைகள் இது புது விளையாட்டு என்று பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சாலையிலிருந்து பார்த்த எனக்கு, பிரகாரம் சுற்றுகிறார்களோ என்று தோன்றியது.

அதன் பிறகு சடையைப் பிடித்துக்கொண்டால் சபீரா எங்கும் வந்தாள். கூடத்தின் நடுவுக்கு வந்தாள். பாட்டுக்கு வந்தாள். டீச்சரிடம் பிள்ளை ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று எல்லோரும் சொன்னோம். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார்.

6

இப்போது தர்மகர்த்தா சின்னசாமி வருகிறார். கூடத்தை வாடகையில்லாமல் கொடுத்தவர் அவர். அவரை வில்லனாக எழுத இரண்டு தடவை முயன்றேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

அவரிடம் புகார்கள் போயின. சத்திரத்தில் தங்க வந்தவர்கள் உள்ளே ஏதோ பிள்ளையை அடிக்கிறார்கள் என்று பயந்தார்களாம். ஒரு தாய், தன் மகனும் உட்கார்ந்த இடத்தில் ஆட ஆரம்பித்துவிட்டான் என்றாளாம். சின்னசாமி நேரில் வந்து அமைதியாகவே சொன்னார். ஆடிக் கிருத்திகை முடிந்து பள்ளி திறக்கிற அன்று வந்து பார்ப்பேன். அந்தப் பிள்ளை மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும். கத்திக்கொண்டிருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் என்றால் கட்டில் கால். டீச்சருக்குத் தெரியும், எனக்கும் உங்களுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

தாயம்மாள் டீச்சர் சென்னையில் பயிற்சி எடுத்தவர், ஆனால் திருத்தணியில் பிறந்தவர். இரண்டு ஊரும் அவரிடம் சண்டையில்லாமல் இருந்தன. முருகனிடம் வேண்டிக்கொண்டார்: சபீரா வரிசையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளோடு கஞ்சி குடித்துவிட்டால் என் முடியை இறக்குகிறேன்.

கிருத்திகைக்குச் சத்திரத்தைக் காலி செய்வதற்கு முந்தின நாள், சபீரா வரிசையில் உட்கார்ந்தாள். இடது கையில் சடை, வலது கையில் குவளை. குடித்தாள். குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்துச் சுழற்றினாள். டீச்சர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது. கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தோடு மலையேறி, முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு இறங்கினார்.

7

நீங்கள் இப்போது டீச்சரைக் கோபித்துக்கொள்கிறீர்கள். எழுதும்போது நானும் நிறுத்தினேன். இவ்வளவு கவனிக்கிற பெண் இதைக் கவனிக்காமல் இருப்பாளா, பாத்திரம் உடைகிறதே என்று ஒரு நாள் முழுக்கப் பேனாவைத் தொடவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முடி போனால் ஆள் மாறியதாகக் கணக்கில்லை. வருடம் முழுக்க மொட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்கள். பின்மண்டையைப் பார்த்தே, ஆள் எந்த ஊர், ஆர்.கே.பேட்டையா, மணவூரா என்று சொல்லக்கூடிய கடைக்காரர்கள் இருந்தார்கள். மொட்டை போட்ட தாயைக் கண்டு எந்தப் பிள்ளையும் திடுக்கிட்டு யாரும் பார்த்ததில்லை. அது ஊரின் பழக்கம். சபீரா அந்த ஊரில் பிறந்தாளே தவிர அந்தப் பழக்கத்தில் பிறக்கவில்லை. இது டீச்சருக்கு மட்டுமல்ல, அதாவுல்லாவுக்கும் மஹ்மூதாவுக்கும் தோன்றவில்லை. சந்தனத் தலையைப் பார்த்து, நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

பள்ளி திறந்த காலை. பிள்ளைகளில் முக்கால்வாசி மொட்டை, மீதிப் பேருக்குச் சடை விழுகிற நீளமில்லை. சமையல்காரம்மா மொட்டை. பஸ் கொட்டகையில் நின்றதால் வேடிக்கை பார்க்க வந்திருந்த நானும் மொட்டை. கூடம் முழுக்க மஞ்சளாய்த் தலைகள், எலுமிச்சம்பழங்களை வரிசையாக வைத்ததுபோல. அதாவுல்லா மகளை வாசலில் விட்டுவிட்டு நின்றார்.

சபீரா கத்தவில்லை. அதுதான் இன்றும் எனக்கு என்னவோபோல இருக்கிறது. உள்ளே வந்து ஒவ்வொருவருக்கும் பின்னால் போய் நின்று முதுகைப் பார்த்தாள். ஒரு பையனுக்குப் பின்னால். சமையல்காரம்மாவுக்குப் பின்னால். எனக்குப் பின்னால். டீச்சருக்குப் பின்னாலும் போனாள். அதே சேலை, அதே குரல், மெல்ல 'சபீரா' என்றார். முதுகைப் பார்த்தாள். தாண்டிப் போய்விட்டாள்.

டீச்சரின் கை தானாகத் தன் பிடரிக்குப் போனது.

"என்னைத் தேடலை," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "சடையைத் தேடுறா."

கூடத்தில் பார்க்க இனி ஒரு முதுகும் இல்லை என்றான பிறகுதான் சபீரா தரையில் விழுந்து கத்த ஆரம்பித்தாள். சாலையில் காவடிக்காரர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா சின்னசாமி படியேறி வந்தார்.

8

இந்தப் பகுதியை நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பும்படி எழுத ஒரு முறை முயன்றேன், பொய்போல ஆகிவிட்டது. ஆகவே நடந்ததுபோலவே எழுதுகிறேன்.

அந்த வாரம் ஊரில் மொட்டை போடாத சில தலைகளில் ஒன்று சின்னசாமியுடையது. அவருக்கு நல்ல குடுமி. அதை இறக்காததற்குக் காரணம், மனைவி குப்பம்மாள் பிள்ளையுண்டாகியிருந்தார். மனைவி அப்படி இருக்கும்போது கணவன் முடி இறக்கும் வழக்கமில்லை. கலியாணமாகி வெகுகாலம் கழித்து, ஏறக்குறைய பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் வந்த முதல் பிள்ளை. அவர் வெளியில் சொல்லவில்லை, குடுமி சொல்லிவிட்டது.

வந்தவர் கூடத்தின் நடுவில், கத்துகிற பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்று, டீச்சரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேகமாக நடந்து வந்ததில் குடுமி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. கத்தல் நின்றது. சபீரா எழுந்தாள். பின்னாலிருந்து, எட்டி, பிடித்துக்கொண்டாள்.

"யாருது? விடச் சொல்லுங்க டீச்சரம்மா."

"அசையாதீங்க ஐயா."

"எம்மா நேரம்?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

அவர் நின்றால் அவள் நுனிக்காலிலேயே நிற்க வேண்டும், ஆகவே அவர் உட்கார வேண்டியதாயிற்று. அவர் உட்கார்ந்தது பிள்ளைகளின் வரிசையில். பாட்டு நடந்தது. சிவப்புத் துணி சுற்றி வந்தது. கஞ்சி வந்தது. ஒரு சின்னப் பெண் அவருக்கும் ஒரு குவளையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் பக்கத்தில் போய், ஐயா எந்த வகுப்பு என்று கேட்டேன். உன் பஸ்ஸு நகர்ற அன்னிக்கு வந்து சொல்றேன் என்றார், தலையைத் திருப்பாமல். சபீரா ஒரு கையால் குடுமியைப் பிடித்து, மறு கையால் கஞ்சி குடித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் தொண்டைக்குள் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் கஞ்சிக் குவளையைப் பார்த்தபடி டீச்சரிடம் மட்டும் கேட்கிற குரலில் கேட்டார். நான் பக்கத்திலிருந்ததால் எனக்கும் கேட்டது.

"எங்க வூட்ல பொறக்கப் போறதும் இந்த மாதிரி பொறந்துச்சுன்னா இன்னா பண்றது?"

"இங்க அனுப்புங்க," என்றார் டீச்சர்.

அவர் குவளையை எடுத்துக் கஞ்சியைக் குடித்து முடித்தார். சபீரா தானாகக் கையை விட்ட பிறகு எழுந்து, குடுமியை முடிந்துகொண்டு, வாசலில் நின்ற அதாவுல்லாவின் பக்கத்தில் போய், "புள்ள நாளைக்கும் வரட்டும் பாய்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். காவடிக்காரர்களைப் பார்த்து, இங்கே என்ன வேடிக்கை, மலை அந்தப் பக்கம் இருக்கிறது என்றார்.

9

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

மலர்க் குழுவினருக்கான முடிவு: மறுநாள் காலை சபீரா டீச்சரின் மொட்டைத் தலையைப் பார்த்து, உதடு அசைந்து, முதன்முறையாக 'அம்'

எழுத எழுத எனக்கே அழுகை வந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டு நிறுத்தினேன். அவள் பேசவில்லை. எனக்குத் தெரிந்தவரை எப்போதும் பேசவில்லை. அந்த மலரைப் படிக்கப்போகும் பெற்றோரில் பாதிப் பேருடைய பிள்ளைகளும் பேசப்போவதில்லை. அவர்களிடம் போய் இந்தக் கதையை நீட்டமாட்டேன்.

என் கைக்குப் பிடித்த முடிவு: டீச்சரின் முடி வளரும்வரை தர்மகர்த்தா தினமும் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தார். ஆனா ஆவன்னா முழுவதும் மறுபடி படித்து, நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தார். (மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்தது உண்மை. அதற்குப் பிறகு குப்பம்மாளுக்கு வலி கண்டுவிட்டது.)

சாமர்த்தியசாலி வாசகரின் முடிவு: சவுரி, அதாவது ஒட்டுமுடி. எனக்குத் தெரியும், ஏழாம் பகுதியிலிருந்தே நீங்கள் சவுரி சவுரி என்று முனகிக்கொண்டிருக்கிறீர்கள். செய்து பார்த்தார்கள். மஹ்மூதா கடைத்தெருவில் ஒரு சவுரி வாங்கி வந்தாள். மொட்டைத் தலையில் சவுரியை எங்கே முடிவது? தலைக்குத் துணி கட்டி அதில் செருகினார்கள். சபீரா வந்தாள், பிடித்தாள், இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு தன் கோணிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நிம்மதியாக. டீச்சர் இல்லாமலே.

மஹ்மூதா, பிள்ளைதான் அமைதியாக இருக்கிறாளே, இதையே வைத்துக்கொள்ளட்டுமே என்றாள். டீச்சரும் அதைப் பிடுங்கவில்லை. ஆனால் சொன்னார்: "அவகிட்ட சடை இருக்கட்டும். ஆனா சடை அவளைக் கூட்டிகினு உள்ள வராது மஹ்மூதா. அதுக்கு ஓர் ஆளு வேணும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

10

கடைசியாக எனக்குத் தெரிந்தது இதுதான். சபீரா பள்ளியில் இருந்தாள். வீட்டில் கட்டிப்போடுவது நின்றது. இதில் பொய் எதுவும் இல்லை.

அதற்கு மேல் ஒரு காலை. பிள்ளைகள் இன்னும் வரவில்லை. வாசற்படிக்கு உள்ளே, கோணிக்கு ஒரு கை தூரத்தில், தாயம்மாள் டீச்சர் சபீராவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் முடி அப்போதுதான் முளைத்திருக்கிறது, அறுத்த வயல்போல. கூப்பிடவில்லை, திரும்பவில்லை. மடியில் ஒரு டப்பா, மூடாமல். பின்னால் சபீராவின் மூடி சுழல்கிற சத்தம். அது ஓய்கிறது. கோணி சரசரக்கிறது. சின்னக் கால் ஒன்று தரையில் படுகிறது.

அந்த நேரத்தில் என் டிரைவர், வண்டி புகை பிடித்துவிட்டது, ஏறு என்று ஹாரன் அடித்தான். அபூர்வமாகத்தான் புகை பிடிக்கும், நான் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை யார் யாரோ சொன்னார்கள். நான் சொல்கிறதைப்போலவே சொன்னார்கள், ஆகவே நம்பவில்லை.

டீச்சர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இந்த இடத்தை உங்களிடம் விட்டுப்போகிறேன். அந்தக் கை வரலாம். வந்து அந்த முள்முள்ளான முடியைத் தடவிப் பார்க்கலாம், பிடித்துப்போகலாம். பாதியில் திரும்பிக் கோணிக்கே போகலாம், நாளைக்கு இன்னொரு காலை இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். திரும்பிப் பார்க்காமல்.